விலையை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: கார் விற்பனை நிலைய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கார் விற்பனை நிலையம் நடத்தும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் மதுரைக்காரன். வங்கியில் வாகனக் கடன் மேசையில் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். உங்கள் நிலையங்களிலிருந்து வந்த கொட்டேஷன்களை அந்தக் காலத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். இப்போதும் சொந்தத்திலோ தெருவிலோ யாராவது கார் வாங்கப் போனால், "நீங்களும் ஒரு எட்டு கூட வாங்க" என்று அழைத்துப் போகிறார்கள். அப்படிப் போய் உங்கள் குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுந்த அனுபவத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். புக்கிங் பணம் வாங்குவதற்கு முன்பே, காரின் முழு விலையையும் ஒரே தாளில், வரி வரியாக, நிலையத்தின் முத்திரையோடு எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது சட்டப்படி கட்டாயமா, வாங்குபவர் விருப்பமா என்று போடுங்கள். அதற்கு அப்புறம் பேரம் பேசுவோம். நீங்கள் குறைக்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், போன மார்கழியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் அக்கா மகள் தனியார் மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து ஸ்கூட்டியில் வருவது அக்காவுக்குப் பயம். ஐந்து வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தோடு சின்ன கார் ஒன்று எடுக்க முடிவு செய்தார்கள். மார்கழியில் வண்டி எடுப்பதா என்று அக்கா இழுத்தாள். நிலையத்துத் தம்பி நல்ல பிள்ளை, பதமாகப் பேசினான். "பணத்தை இப்பக் கட்டிடுங்கம்மா, தை பிறந்ததும் டெலிவரி எடுத்துக்கலாம். ஜனவரியில் கம்பெனி விலை ஏத்துது" என்றான். பிறகு விளம்பரத் தாளின் ஓரத்தில் ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டுக் காட்டினான்: 8,29,800. தள்ளுபடி 25,000 ரூபாய் போக, ஆன்ரோடு விலை, அதாவது வண்டி சாலைக்கு வரும்வரை ஆகும் எல்லாச் செலவும் சேர்ந்த விலை.

எதெது சேர்ந்து இந்தத் தொகை வந்தது என்று கேட்டேன். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்றான். பிரித்து எழுதித் தரச் சொன்னேன். டீம் லீடர் வந்தார், அப்புறம் மேனேஜர் வந்தார், இரண்டு முறை டீ வந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் தாள் வந்தது. அதில் இருந்ததை அப்படியே சொல்கிறேன். எக்ஸ்-ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் பதிவும் காப்பீடும் சேராத வண்டி விலை, 6,80,000. சாலை வரி 88,400. காப்பீடு 38,600. ஆர்.டி.ஓ. செலவு 7,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500. பேசிக் கிட் 14,800. கூடுதல் வாரண்டி 16,000.

முதல் இரண்டு வரிகளில் எனக்குப் பேச ஒன்றுமில்லை. எக்ஸ்-ஷோரூம் விலை கம்பெனி வைப்பது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள கார்களுக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்காலத்துக்கும் சேர்த்து ஒரே முறை கட்டும் சாலை வரி 13 சதவீதம். 2023 நவம்பரில் அரசு உயர்த்தியது. அது அரசுக்குப் போகும் பணம், அதில் நீங்கள் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது.

மூன்றாவது வரியிலிருந்துதான் பிரச்சினை. அதே கார், அதே காப்பீட்டு மதிப்பு, அதே கூடுதல் பாதுகாப்புகள் என்று வைத்து, அங்கே உட்கார்ந்தபடியே கைப்பேசியில் வேறொரு காப்பீட்டு நிறுவனத்தில் விலை பார்த்தேன். 27,900 வந்தது. பத்தாயிரத்துக்கும் மேல் வித்தியாசம். புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு, 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் தொகை எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள காருக்கு 10,640 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. ஆக வித்தியாசம் முழுவதும் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும் கூடுதல் பாதுகாப்புகளிலும்தான் இருக்கிறது. அதை எங்கே எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் வாகன விற்பனையாளர்களுக்கென்றே விதிகள் வகுத்து, உங்கள் வழியாகத்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் நான் வெளியே எடுத்துக்கொள்கிறோம் என்றதும் அந்தத் தம்பி சொன்னது, "அப்ப நம்ம சர்வீஸ் சென்டர்ல கேஷ்லெஸ் கிளெய்ம் கிடைக்காது சார்." கேஷ்லெஸ் என்றால் பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே பட்டறைக்கு நேரே கட்டுவது. உங்கள் பட்டறைக்கும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருந்தால் அது கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. விசாரித்தேன், ஒப்பந்தம் இருந்தது. இது அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அப்படிச் சொல்லச் சொல்லி யாரோ பழக்கியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆர்.டி.ஓ. செலவு 7,500 என்று போட்டிருந்ததைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காரின் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடன் இருந்தால் அதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற 1,500. ஸ்மார்ட் கார்டுக்கு 200. மொத்தம் 2,300. அதற்கு மேல் அரசுக்கு ஏதாவது கட்டியிருந்தால் ரசீது இருக்கும், காட்டுங்கள் என்றேன். ரசீது வரவில்லை. "எல்லாருக்கும் இதான் சார் ரேட்டு" என்ற பதில்தான் வந்தது. உயர்பாதுகாப்பு எண் பலகைக்குத் தனியாகப் பணம் கேட்கும் நிலையங்களும் இருக்கின்றன. 2019 ஏப்ரல் முதல் அது கம்பெனியே பொருத்தித் தர வேண்டியது, அதன் விலை வண்டி விலையில் சேர்ந்தது.

ஹேண்ட்லிங் சார்ஜ் எதற்கு என்று கேட்டால், கிடங்கிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து துடைத்து வைப்பதற்கு என்கிறார்கள். விற்கும் பொருளை வாங்குபவர் கையில் கொடுப்பது விற்பவர் வேலை. அதற்காகத்தான் கம்பெனி உங்களுக்குக் கமிஷன் தருகிறது. பேசிக் கிட் என்பது தரைவிரிப்பு, மட் ஃபிளாப், சீட் கவர், அடிப்பாகத்துக்கு ஒரு பூச்சு. எங்கள் மேலமாசி வீதிப் பக்கம் இதே தரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும். வேண்டாம் என்றால், "கிட் இல்லாம பில் போட சிஸ்டம் விடாது" என்றார்கள். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்று சொல்கிறது. சிஸ்டம் விடாது என்பதைச் சட்டம் ஏற்காது.

கூட்டிப் பார்த்தேன். காப்பீட்டில் 10,700, ஆர்.டி.ஓ. செலவில் 5,200, ஹேண்ட்லிங் 9,500, கிட் 14,800. மொத்தம் 40,200 ரூபாய். இத்தனையும் ஏற்றிவிட்டு 25,000 தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். அக்கா மகள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாதம் 22,000 ரூபாய் சம்பளம்.

இன்னொன்றும் இருந்தது. எந்த வண்டி என்று காட்டுங்கள், சேசிஸ் எண்ணை (வண்டியின் அடையாள எண்) சொல்லுங்கள் என்று கேட்டேன். பில் போட்ட பிறகுதான் வண்டி ஒதுக்குவோம் என்றார்கள். பில் போட்ட பிறகு பார்த்து என்ன செய்வது? ஒற்றைக் காலில் நின்றதும் கிடங்குக்கு அழைத்துப் போனார்கள். வண்டி ஜூலையில் தயாரானது. ஐந்து மாதம் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறது. தையில் எடுத்தால் பதிவு புது வருடத்தில் விழும், ஆனால் பதிவுப் புத்தகத்தில் தயாரிப்பு மாதமும் வருடமும் பழையதாகத்தான் இருக்கும். நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவன் அதைத்தான் முதலில் பார்ப்பான். பழைய இருப்பை விற்பதில் தப்பு ஒன்றும் இல்லை. வருடக் கடைசியில் எல்லாக் கம்பெனியும் அதைத்தான் செய்கிறது, அதனால்தான் அப்போது தள்ளுபடியும் கூடுதல். ஆனால் அதைச் சொல்லி, அதற்கேற்ற விலை சொல்லி விற்க வேண்டும்.

கடைசியில் எப்படி முடிந்தது என்றால், காப்பீட்டை அவர்களே 29,500-க்குத் தர ஒப்புக்கொண்டார்கள். ஹேண்ட்லிங் போனது. கிட்டில் தரைவிரிப்பும் மட் ஃபிளாப்பும் மட்டும் 3,200-க்கு எடுத்தோம். ஆர்.டி.ஓ. 2,300. கூடுதல் வாரண்டியை அவளே விரும்பி வைத்துக்கொண்டாள். பழைய தயாரிப்பு என்பதற்காக மேலும் 10,000 குறைத்தார்கள். 7,84,400 ரூபாய். முதலில் வட்டம் போட்ட எண்ணிலிருந்து 45,400 குறைவு. அவளுடைய இரண்டு மாதச் சம்பளம்.

அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு அன்று சந்தோஷமாக இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி வைத்தார். அவர்களிடமும் ஓரத்தில் வட்டம் போட்ட ஒரு தாள்தான் இருந்தது. அவர் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்றார். நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்தவர் வியாபாரத்தில் தலையிடுவதா என்று தயங்கிவிட்டேன். அந்தத் தயக்கம் இன்னும் உறுத்துகிறது, இந்த மடலுக்கு அதுவும் ஒரு காரணம்.

கேட்டால் குறைப்பீர்கள், கேட்காவிட்டால் முழுவதும் வாங்கிக்கொள்வீர்கள் என்றால், யாரிடம் அதிகம் வாங்குகிறீர்கள்? முதல் கார் வாங்குபவரிடம். கடன் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்பவரிடம். உங்களை நம்பி வந்தவரிடம். சந்தையில் கத்திரிக்காய் வாங்கும்போது விலை படியாவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். கார் அப்படி இல்லை. ஒரு குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய பணம் போடும் பொருள் அது.

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஒரு வண்டியில் உங்களுக்கு நிற்கும் பணம் சிறிது. இருப்புக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது, ஏற்கெனவே கட்டிய செஸ் என்ற கூடுதல் வரி உங்கள் கணக்கில் முடங்கிப் போனது. தள்ளுபடியைக் கூட உங்கள் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாத நிலை சில இடங்களில் இருந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கும். கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாகவும், வாடிக்கையாளர் போல ஆள் அனுப்பிச் சோதித்து, மீறிய டீலர்களுக்கு அபராதம் போட்டதாகவும் ஆணையம் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. எங்கள் பார்வையில் அந்த உத்தரவு முக்கியமானது. ஒரே கம்பெனியின் டீலர்கள் தங்களுக்குள் விலையில் போட்டி போடுவது வாங்குபவருக்குச் சேர வேண்டிய நன்மை என்று அது சொல்கிறது. அதனால் நாங்கள் மதுரையில் ஒரு கொட்டேஷன், திண்டுக்கல்லில் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று வாங்கிவந்து உங்கள் முன் வைத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

கம்பெனி கையைக் கட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹேண்ட்லிங் சார்ஜும் கிட்டும் கம்பெனி சொல்லிச் செய்வதில்லையே. விற்பனைப் பிள்ளைகளின் சம்பளத்தைக் காப்பீட்டுக்கும் கிட்டுக்கும் கடனுக்கும் கிடைக்கும் இன்சென்டிவோடு கட்டிவைத்தது யார்? மாதக் கடைசியில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். வண்டி விற்றதற்கு நேர்மையான ஊதியம் கொடுத்தால் அவர்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது நான் இருந்த இடம். ஃபிளாட் வட்டி, அதாவது முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை போடும் வட்டி, 5.5 சதவீதம் என்று சொல்லி விற்கிறார்கள். ஐந்து லட்சத்துக்கு ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 10,625 ரூபாய் வரும். மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 10 சதவீத வட்டி. 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி, கடன் தருபவர் எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கடன் உங்கள் மேசையில் போடப்படுகிறது என்றால், அந்த அறிக்கையும் உங்கள் மேசையில் இருக்கட்டும். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்" என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொன்னவர் வண்டி விலையைப் பேசவே மறந்துவிடுகிறார். பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000 என்று கொடுத்துவிட்டு, பழைய வண்டியின் மதிப்பில் 40,000 குறைத்தால் அதற்குப் பெயர் போனஸ் கிடையாது. இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ்., அதாவது வாங்குபவர் பெயரில் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி, பிடிக்கிறீர்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நிறையப் பேருக்கு அது தெரியாமலே போகிறது.

நல்லவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 10,05,000 ரூபாய் விலையுள்ள மாடலைக் கேட்டுப் போனார். அங்கிருந்த இளைஞர் கால்குலேட்டரை எடுத்தார். "சார், பத்து லட்சம் தாண்டினா வரி 18 சதவீதம், 1,80,900 வரும். இதுக்குக் கீழ இருக்கிற மாடல் 9,95,000. அதுக்கு 13 சதவீதம்தான், 1,29,350. உங்களுக்கு அந்த ஒரு வசதி அவ்வளவு அவசியமா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். விலை கூடின வண்டியை விற்றிருக்கலாம், விற்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்காக நான் அதே நிலையத்துக்கு அடுத்தடுத்து நான்கு பேரை அனுப்பினேன். அவர் கொடுத்த தாளில் எல்லாச் செலவும் வரி வரியாக இருந்தது. அங்கேயும் பேரம் பேசினோம், அங்கேயும் குறைத்தார், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் நேரமும் மிச்சம், அவர் நேரமும் மிச்சம்.

ஆகவே, நிலைய உரிமையாளர்களே, உங்கள் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். அந்தத் தாளில் எக்ஸ்-ஷோரூம் விலை, வரி, ரசீதோடு பதிவுக் கட்டணம், காப்பீட்டில் மூன்றாம் நபர் பகுதி தனியாகவும் சொந்தச் சேதப் பகுதி தனியாகவும், விருப்பப் பொருட்கள், கம்பெனித் தள்ளுபடி, நிலையத் தள்ளுபடி, வண்டியின் தயாரிப்பு மாதம் இத்தனையும் இருக்கட்டும். வரி குறைந்ததால் வந்த விலைக் குறைப்பை நிலையத் தள்ளுபடி என்று எழுதாதீர்கள். தாள் எத்தனை நாள் செல்லும் என்றும் போடுங்கள். பில் போடும் முன் வண்டியைப் பார்க்க விடுங்கள். இதில் எதுவும் உங்களுக்குப் புதுச் செலவு வைக்காது. விவரம் எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது.

கார் வாங்கப் போகிறவர்களே, இதைப் படித்தால் நீங்களும் இந்தத் தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் புக்கிங் பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வாருங்கள். கட்டாயப்படுத்தினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். கேட்பதற்காகத்தான் அந்த நாற்காலியை அங்கே போட்டிருக்கிறார்கள்.

ஆவணி பிறந்ததும் என் தம்பி ஒரு கார் பார்க்க வேண்டும் என்கிறான். அவனோடு நானும் வருவேன். எந்த நிலையத்துக்கு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முதலில் அந்தத் தாளைத் தருகிற இடத்தில் உட்காரலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்